லொறியின் எர்த்: போன மின்சாரம் திரும்பி வரும் வழி

கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைவரிசையில் ஒரு மணி நேரம் நடந்தால் பழைய ஜப்பான் லொறி ஒன்றின் உறுப்புகளில் பாதிக்கு மேல் கைக்கு வந்துவிடும். ஆல்டனேட்டர் தொங்கும், ஸ்டார்ட்டர் மோட்டார்கள் அடுக்கி இருக்கும், ஹெட்லைட் கண்ணாடிகள் சட்டி பானை போலக் குவிந்து கிடக்கும். எர்த் மட்டும் எந்தக் கடையிலும் தொங்காது. அதனால்தானோ என்னவோ, லைட் மங்கினால் பல்பை மாற்றுகிறோம், ஸ்டார்ட் ஆகாவிட்டால் பற்றரியை மாற்றுகிறோம், இரண்டும் சரிவராவிட்டால் வயரிங் முழுவதையும் பிடுங்கிப் புதிதாகப் போடச் சொல்கிறோம். எர்த்தைப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

நான் கிராண்ட்பாஸ் பக்கம் சின்ன அளவில் வாகன வயரிங் வேலை செய்கிறவன். நுவரெலியாவிலிருந்து பேலியகொடை மெனிங் சந்தைக்கு கரட்டும் லீக்ஸும் ஏற்றிவரும் ஓர் அண்ணன் போன மழைக்காலத்தில் தன் பழைய எல்ஃப் லொறியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கும்போதே முறைப்பாடு தொடங்கிவிட்டது.

"தம்பி, ஹெட்லைட்ட போட்டா மெழுகுதிரி மாதிரி எரியுது. கினிகத்தேனைப் பக்கம் மூடுபனியில ரோட்டே தெரியல்ல. சிக்னல் போட்டா பின்னால பார்க்கிங் லைட்டும் சேர்ந்து மினுங்குது. பல்பு மாத்தியாச்சு, ரிலே மாத்தியாச்சு, பற்றரி ரெண்டும் புதுசு. இன்னும் என்னத்தத்தான் மாத்துறது?"

"ஒண்டும் மாத்த வேணாம் அண்ணே, முதல்ல பார்ப்பம்" என்றேன். அந்த லொறியை வைத்தே எர்த் என்றால் என்ன என்று சொல்லிவிடலாம்.

முதலில் சொல்லில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வீட்டு வயரிங்கில் எர்த் என்றால் நிஜமாகவே தரைதான். நிலத்தில் அடித்த கம்பிக்குப் போகும் பச்சை வயர், ஆபத்து நேரத்தில் மட்டும் வேலை செய்யும். லொறி நான்கோ ஆறோ ரப்பர் டயரின் மேல் நிற்கிறது, தரைக்கும் அதற்கும் மின் தொடர்பு கிடையாது. வாகனத்தில் எர்த் என்று நாம் சொல்வது பற்றரியின் மைனஸ் முனையோடு இணைக்கப்பட்டிருக்கும் இரும்புச் சட்டத்தை, அதாவது சேசிஸை. ஆபத்துக்காகக் காத்திருக்கும் வேலை அதற்கு இல்லை. ஒவ்வொரு பல்பும் எரியும் ஒவ்வொரு நொடியும் அதன் வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஏன் அப்படி? மின்சாரம் பற்றரியின் பிளஸ்ஸில் கிளம்பி மறுபடி மைனஸுக்கு வந்து சேர்ந்தால்தான் ஓடும். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு பல்புக்கும் இரண்டு வயர் வேண்டும், போக ஒன்று, வர ஒன்று. லொறியின் நீளத்துக்கு அத்தனை செம்பு இழுப்பதைவிட, ஏற்கெனவே முன்னிருந்து பின்வரை கிடக்கும் இரும்பையே திரும்பி வரும் வயராக வைத்துக்கொண்டார்கள். சிக்கனமான யோசனைதான். ஆனால் இதில் நமக்கு ஒரு பாதகம் இருக்கிறது. போகும் வழி வயராகக் கண்ணுக்குத் தெரிகிறது. ஃபியூஸ், சுவிட்ச், ரிலே என்று அதில் சோதிக்க நிறைய இருக்கிறது. திரும்பும் வழி இரும்புக்குள் மறைந்துவிடுகிறது. புறக்கோட்டைக் குறுக்குத் தெரு ஒன்றுக்குள் லொறிகள் ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியேறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் வாயில் ஒரு கைவண்டி கவிழ்ந்து கிடந்தால், நுழையும் பக்கம் எவ்வளவு அகலமாக இருந்தும் பயனில்லை, முழுத் தெருவும் நின்றுவிடும்.

இன்னொன்று. கராஜ்களில் "எர்த் ஆகுது" என்றும் "எர்த் இல்ல" என்றும் இரண்டு பேச்சு உண்டு. இரண்டும் எதிரெதிரான கோளாறுகள். முதலாவது, பிளஸ் வயரின் தோல் உரிந்து எங்கோ சேசிஸில் உரசுகிறது, ஃபியூஸ் போகிறது. இரண்டாவது, திரும்பும் வழி கெட்டுவிட்டது. இதில் ஃபியூஸ் ஒருநாளும் போகாது, ஏனென்றால் மின்சாரம் கூடவில்லை, குறைந்திருக்கிறது. "ஃபியூஸ் எல்லாம் நல்லா இருக்கே" என்பது எர்த் நல்லது என்பதற்குச் சாட்சி ஆகாது. நாம் பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றி.

சரி, அண்ணனின் லொறிக்கு வருவோம். 24 வோல்ட் வண்டி, 12 வோல்ட் பற்றரி இரண்டு தொடராக. ஹெட்லைட் மங்கலுக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 24 வோல்ட் லொறியின் ஹெட்லைட் பல்பு 70 வாட்ஸ் என்றால் சுமார் 3 அம்பியர் இழுக்கும். அதன் எர்த் இணைப்பில் கறள் சேர்ந்து ஒரே ஒரு ஓம் தடை வந்துவிட்டால் அங்கேயே இரண்டரை வோல்ட் அளவு விழுந்துவிடும். பல்புக்குக் கிடைப்பது 21 சொச்சம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் ஹலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட் குறையும் அளவுக்கு மட்டும் குறைவதில்லை. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறைந்துவிடும். இரண்டு ஹெட்லைட்டும் ஒரே எர்த்தைப் பகிர்ந்துகொண்டால் நட்டம் இன்னும் கூடும். மெழுகுதிரி என்று அவர் சொன்னதில் பெரிய மிகை இல்லை.

சிக்னலோடு பார்க்கிங் லைட் மினுங்கும் விவகாரம் இன்னும் சுவையானது. பின்லைட் பெட்டி ஒன்றுக்குள் பார்க்கிங், பிரேக், சிக்னல் என்று பல்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு பிளஸ் வயர் வருகிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து எர்த் வயர் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று அறுந்தால்? சிக்னல் போட்டதும் மின்சாரம் சிக்னல் பல்பின் இழைக்குள் போகிறது, வெளியே வந்து பொது இடத்தில் நிற்கிறது, எர்த் இல்லை. வழி தேடுகிறது. பக்கத்தில் அணைந்து கிடக்கும் பார்க்கிங் பல்பின் இழைக்குள் பின்பக்கமாக ஏறி, பார்க்கிங் வயரில் தலைகீழாக ஓடி, மறுபக்கப் பின்லைட்டுக்கோ முன்னால் இருக்கும் பார்க்கிங் லைட்டுக்கோ போய், அங்கே உள்ள நல்ல எர்த்தில் இறங்கிவிடுகிறது. அதனால் எரிய வேண்டிய சிக்னல் மங்கி, எரியக்கூடாத பார்க்கிங் பல்பு தாளம் போடுகிறது. பேய் பிடித்த வயரிங் போலத் தெரியும். பிரேக் மிதித்தால் சிக்னல் எரிவது, ஹெட்லைட் போட்டதும் டேஷ்போர்டில் டீசல் முள்ளும் சூட்டு முள்ளும் சேர்ந்து நகர்வது எல்லாம் பெரும்பாலும் இதே குடும்பத்துக் கோளாறுதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சாமான்கள் சேர்ந்து ஆடினால் நான் முதலில் எர்த்தைத்தான் சந்தேகப்படுவேன்.

ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இந்தக் கணக்கே வேறு. அது நூற்றுக்கணக்கான அம்பியர் இழுக்கும். 200 அம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். எர்த் இணைப்பில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், 2 வோல்ட் அங்கேயே போய்விடும், அந்த ஒரு நட்டில் மட்டும் 400 வாட்ஸ் சூடு. சின்ன ரைஸ் குக்கர் ஒன்று இழுக்கும் அளவு. ஸ்டார்ட் அடித்தபின் பற்றரி மைனஸ் கிளிப்பையோ எர்த் கேபிளின் முனையையோ புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால் மீட்டரே தேவையில்லை.

எஞ்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே அதற்கென்று ஓர் எர்த் கேபிள் இருக்கும். அது அறுந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் அக்சிலேட்டர் கேபிள், கியர் கம்பி என்று கிடைத்த வழியால் எல்லாம் பாயும். அக்சிலேட்டர் கேபிள் சூடேறிப் புகைந்தால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள்.

கெபினும் அப்படித்தான். எல்ஃப், கன்டர் போன்ற வண்டிகளில் கெபின் முன்பக்கம் சாயும். சேசிஸோடு அதற்கும் ரப்பர்தான் உறவு. ஆகவே கெபினிலிருந்து சேசிஸுக்கு ஒரு செம்புப் பின்னல் பட்டி போட்டிருப்பார்கள், பெண்பிள்ளைகளின் சடை போலத் தட்டையாக இருக்கும். எஞ்ஜினைப் பார்க்கக் கெபினைச் சாய்க்கும் ஒவ்வொரு தடவையும் அது மடங்கி நிமிர்கிறது. முப்பது வருடம் மடங்கினால் எது தாங்கும்?

இங்கே நான் செய்த பிழையையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பட்டியைப் பார்த்தேன், தொங்கிக்கொண்டுதான் இருந்தது. மல்டிமீட்டரை 'பீப்' சத்தம் வரும் நிலையில் வைத்து இரு முனையையும் தொட்டேன். பீப் என்றது. எர்த் நல்லது என்று முடிவுகட்டி ஹெட்லைட் சுவிட்சைக் கழற்றப் போய்விட்டேன். அரை நாள் வீண். காரணம் இதுதான்: பீப் சோதனையில் மீட்டர் அனுப்புவது மிகமிகச் சிறிய மின்சாரம். நூறு இழையில் மூன்று இழை மிச்சம் இருந்தாலும் அது தாண்டிவிடும். ஒற்றையடிப் பாலத்தில் ஆள் நடந்து போனதைப் பார்த்து லொறியும் போகும் என்று நம்பிய கதை. சுமை ஏறும்போதுதான் எர்த்தின் குணம் தெரியும்.

அதனால் சரியான சோதனை, லைட்டை எரியவிட்டுப் பார்ப்பது. மீட்டரை டிசி வோல்டில் வைக்கவும். கறுப்பு முனையை, இரண்டு பற்றரியில் சேசிஸோடு இணைந்திருக்கும் பற்றரியின் மைனஸ் ஈயத்தின் மேலேயே பிடிக்கவும், கிளிப்பின் மேல் அல்ல, ஏனென்றால் கிளிப்பே குற்றவாளியாக இருக்கலாம். சிவப்பு முனையை ஹெட்லைட் சொக்கட்டின் எர்த் பின்னில் வைக்கவும். இப்போது ஹெட்லைட்டைப் போடவும். திரும்பும் வழி நல்லது என்றால் இரண்டு முனையும் ஏறக்குறைய ஒரே இடம்தான், மீட்டர் பூச்சியத்தை ஒட்டி 0.1 அல்லது 0.2 காட்டும். அதற்கு மேல் காட்டும் ஒவ்வொரு வோல்டும் வழியில் திருட்டுப்போன வோல்ட். அண்ணனின் லொறியில் 4.3 காட்டியது.

திருடனைப் பிடிப்பதும் இலகு. கறுப்பு முனையை அசைக்காமல் சிவப்பை ஒவ்வொரு படியாகப் பற்றரியை நோக்கிக் கொண்டு வாருங்கள். சொக்கட்டில் 4.3. கெபின் தகட்டில் எர்த் வயர் முறுக்கிய போல்டில் 4.1. கெபின் பக்கப் பின்னல் முனையில் 4.0. பின்னலின் சேசிஸ் முனையில் 0.2. ஆக, இரண்டு முனைக்கும் இடையே, ஒரு சாண் செம்புப் பட்டிக்குள் 3.8 வோல்ட் காணாமல் போகிறது. கத்தியால் அதன் உறையைக் கீறினேன். உள்ளே செம்பு இல்லை, பச்சைப் பொடி. உதிர்ந்ததைத் தட்டிவிட்டால் நாலு இழை மட்டும் முழுதாக நின்றது.

சில ஜப்பான் வண்டிகளில் ஹெட்லைட்டின் சுவிட்சே எர்த் பக்கத்தில் இருக்கும், அங்கே சொக்கட்டில் வைத்த இந்த அளவு குழப்பிவிடும். அப்படிச் சந்தேகம் வந்தால் சொக்கட்டை விட்டு, கெபின் தகட்டிலிருந்து தொடங்கலாம். மீட்டரே இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: தடித்த வயர் துண்டொன்றை எடுத்து ஒரு முனையை அதே பற்றரி மைனஸிலும் மறு முனையைச் சந்தேகப்படும் தகட்டிலும் வையுங்கள். லைட் திடீரென்று பளிச்சென்று ஆனால் நோய் எர்த்தில்தான். ஆனால் எது மைனஸ் என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். பழைய பிரித்தானிய வண்டிகள் சிலவற்றில் பிளஸ்தான் சேசிஸில் இருக்கும், இந்தக் காலத்தில் அரிது என்றாலும் ஒரு தடவை பார்த்துக்கொள்வதில் கைக்கு நட்டமில்லை.

அந்தப் பச்சைப் பொடி நமக்குப் புதிதல்ல, அதற்குப் பெயர் களிம்பு. செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவம் என்று சைவ சித்தாந்தம் சொல்லும் அதே களிம்பு. கொழும்பில் அது சீக்கிரம் பிடிக்கும். முகத்துவாரம், மட்டக்குளி, காலிவீதி ஓரம் என்று இரவில் லொறி நிற்கும் இடமெல்லாம் கடற்காற்று. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செம்பு முனையும் இரும்புப் போல்டும் ஒட்டி நிற்கும் இடத்தில் அந்த உப்பு ஈரம் இருந்தால் அது ஒரு குட்டிப் பற்றரியாகவே மாறி இரும்பைத் தின்னத் தொடங்கும். வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவமழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அம்மா செம்புக் குடத்தைப் புளி போட்டு விளக்குவதை நினைத்து ஒரு பையன், வயரும் வயரும் சொருகி இணையும் கனெக்டருக்குப் புளிக்கரைசல் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். பளபளப்பாகத்தான் வந்தது. புளியின் அமிலம் கழுவ முடியாத மூலையில் தங்கி இரண்டு மாதத்தில் மறுபடி பச்சை.

பின்லைட்டின் கோளாறு வேறு இடத்தில் இருந்தது. நம் ஊர் லொறிகளின் பெட்டி பலதும் மரப்பலகையில் அடித்தது. மரத்தில் திருகிய லைட்டுக்குத் தானாக எர்த் கிடைக்காது, ஒரு வயர் சேசிஸ் வரை போயாக வேண்டும். இந்த லொறியிலும் போயிருந்தது. ஆனால் பெயின்ட் அடிக்கக் கொடுத்த இடத்தில் போல்டைக் கழற்றி, சேசிஸுக்கு அழகாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து, அதன் மேலேயே வயரை முறுக்கி அனுப்பியிருந்தார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. பளபளவென்று இருக்கும் லொறியில்தான் எர்த்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

திருத்துவது கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். முதலில் பற்றரியின் மைனஸைக் கழற்றவும். பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பெனர் சேசிஸில் பட்டால் பொறி பறக்கும், மைனஸ் ஏற்கெனவே விலகியிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது மைனஸ் கடைசி. எர்த் போல்டின் இடத்தை எமரித் தாளால் இரும்பு வெள்ளையாக மின்னும்வரை தேய்க்கவும். வயர் முனையில் உள்ள வளையத்தின் இரு முகத்தையும் தேய்க்கவும். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கினால் அது இரும்பைக் கடித்துப் பிடிக்கும். இறுக்கிய பிறகு, முன்பு அல்ல, மேலே கிரீஸோ பெயின்டோ பூசி ஈரத்தை வெளியே நிறுத்தவும். பற்றரி முனைகளில் வெள்ளையும் நீலமும் கலந்து பூத்திருப்பதைக் கழுவ அப்பச்சோடா கலந்த தண்ணீர் போதும், பற்றரித் துவாரங்களுக்குள் மட்டும் விழக்கூடாது.

பின்னல் பட்டிக்குப் பதில் புதுப் பட்டி போட்டேன், பழையதைவிடக் கொஞ்சம் நீளமாக, கெபின் சாயும்போது இழுபடாதபடி.

இனிக் கனெக்டர். எர்த்துக்குப் பொருந்தும் அதே சோதனை இதற்கும் பொருந்தும்: லைட் எரியும்போது கனெக்டரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மீட்டர் முனையை வைத்தால் நடுவில் எவ்வளவு விழுகிறது என்று தெரிந்துவிடும். கழற்றிப் பார்க்கும்போது நிறத்தைக் கவனியுங்கள். பச்சை என்றால் தண்ணீர் போயிருக்கிறது. பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தால் தளர்வான பிடியில் சூடு ஏறியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. பச்சைக்குக் கொன்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயும் மெல்லிய பிரஷும் போதும். பழுப்புக்குக் கழுவிப் பயனில்லை, உள்ளே இருக்கும் பெண் முனையின் (எதிர் முனை சொருகும் முனையின்) சுருள்பிடி சூட்டில் தளர்ந்துவிட்டது, முனையை மாற்றத்தான் வேண்டும். வெளிப் பிளாஸ்டிக் நன்றாக இருக்கிறதே என்று திருப்பிச் சொருகிவிட்டால் அடுத்த மாதம் அதே லொறி அதே இடத்தில் நிற்கும்.

வயரை முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா வயரிங் பாஸ்மாரும் செய்கிறார்கள், அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன். நம் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, டேப் அவிழ்ந்து, முறுக்கு தளர்ந்து, மழைத் தண்ணீர் வயரின் தோலுக்குள்ளேயே ஊர்ந்து போகும். ஓர் அடி தள்ளி வெட்டிப் பார்த்தாலும் செம்பு கறுத்திருக்கும். கறுத்த செம்பில் எந்த இணைப்பும் நிற்காது, மின்னும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். பிறகு சரியான அளவு முனை போட்டு, அதற்குரிய குறட்டால் நசுக்கி, சூட்டுக்குச் சுருங்கும் குழாய் போட்டு மூடலாம். ஈயம் பற்றவைப்பது நல்லதுதானே என்று கேட்பார்கள். ஆடாத இடத்தில் நல்லது. ஈயம் வயருக்குள் ஏறி அந்த இடத்தைக் கம்பி போல விறைப்பாக்கிவிடும், லொறி குலுங்கும் குலுக்கலில் விறைப்பு முடியும் இடத்தில் வயர் முறியும். அதனால் சேசிஸில் நான் நசுக்குவதையே விரும்புகிறேன்.

மாலையில் எல்லாம் மாட்டி, ஹெட்லைட்டைப் போட்டு, அதே சொக்கட்டில் அதே முனையை வைத்தேன். 0.15. எதிர்ச் சுவரில் விழுந்த வெளிச்சத்தை அண்ணன் கையால் மறைத்து மறைத்துப் பார்த்தார். சிக்னல் தனியாக அடித்தது, பார்க்கிங் தனியாக எரிந்தது. பின்னால் போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"எல்லாம் சரி தம்பி. நம்பர் பிளேட் லைட் மட்டும் எரியல்ல. அதுவும் எர்த்தோ?"

கழற்றிப் பார்த்தேன். அது பல்புதான்.